தொடாமல் பாடும் பெட்டி

பழைய ஹாலிவுட் விண்வெளிப் படங்களில் பறக்கும் தட்டு இறங்கும்போது 'ஊ…' என்று ஒரு சத்தம் நடுங்கிக்கொண்டே வருமே, அது பெண் குரலா, வயலினா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. அது தெரமின் என்ற மின்னணு வாத்தியம். வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை.

தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் சிற்றலையில் முள்ளைத் திருப்பினால், இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு விசில் ஏறி இறங்கும். நான் செய்தியைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். தெரமினின் குரலும் அந்த விசில்தான்.

பள்ளியில் படித்த விம்மல் நினைவிருக்கிறதா? விநாடிக்கு 256 முறை அதிரும் ஒன்று, 260 முறை அதிரும் ஒன்று என்று இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் ஒலி விநாடிக்கு 4 முறை பெருகித் தணியும். சரி, இப்போது பெட்டிக்குள் வருவோம். உள்ளே இரண்டு அலையியற்றிகள், அதாவது மின் அதிர்வை உண்டாக்கும் சுற்றுகள், இரண்டுமே காதுக்கு எட்டாத வேகம். ஒன்று விநாடிக்கு 1,70,000 என்று மாறாமல் அதிரும் என்று வையுங்கள். இன்னொன்று நெட்டுக்குத்தான ஆண்டெனாவோடு சேர்ந்தது. வலது கையை ஆண்டெனா பக்கம் நீட்டினால் கை ஒரு தகடு, ஆண்டெனா ஒரு தகடு, நடுவில் காற்று. மின்தேக்கி தயார்! அதன் மின்தேக்குத்திறன் ஒரு பிக்கோஃபாரட்கூடத் தேறாது. ஆனாலும் அந்த இரண்டாவதன் அதிர்வு 1,69,560-க்கு இறங்கிவிடும். கால் சதவீத மாற்றம்தான். கழித்துப் பாருங்கள்: 440. மௌனத்திலிருந்து நேராக ஒரு முழு ஸ்வரம்! பெட்டி செய்வது வெறும் கழித்தல் கணக்கு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

அப்புறம் ஒரு சிக்கல். இரண்டு அலைகளையும் வெறுமனே கூட்டினால் மேலே எவ்வளவு போகிறதோ கீழேயும் அவ்வளவே வரும், ஸ்பீக்கர் அசையாது. வால்வு கீழ்ப்பாதியை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது மேல்விளிம்பின் ஏற்ற இறக்கம், அதாவது அந்த 440. இடது கை ஒரு வளைய ஆண்டெனாவின் மேல் ஏறி இறங்கிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்.

இதைச் செய்த லியோன் தெரமின் வாத்தியம் தேடிப் போகவில்லை. 1920 வாக்கில், ரஷ்யாவின் பெட்ரோகிராடு நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களின் மின் பண்பை அளக்கக் கருவி செய்துகொண்டிருந்தார். கை அசைந்தால் ஒலி மாறியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'பயன் என்ன?' என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்களே, அவர் அங்கே 'பறக்கும் தட்டுக்குக் குரல்' என்று எழுதியிருக்க முடியுமா?

இதில் வீணையில் இருப்பதுபோல மெட்டும் கிடையாது, ஹார்மோனியத்தில் இருப்பதுபோலக் கட்டையும் கிடையாது. ச-விலிருந்து ப-வுக்குப் போகவேண்டுமானால் நடுவில் உள்ள அத்தனையையும் வழுக்கிக்கொண்டே கடக்கவேண்டும். மூச்சு வாங்கும் ஒலியோ வில் உரசும் ஒலியோ கேட்காது. மனிதக் குரல் போலிருக்கிறது, ஆனால் மனிதன் இல்லை. வேற்றுக்கிரகவாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? 1951-இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின்களைப் பயன்படுத்தினார். வாசித்தவர்களில் ஒருவர் சாமுவேல் ஹாஃப்மன். அவருடைய தொழில், கால் வைத்தியம்.