மூன்று நாள் செயலமர்வும் ஒரு எஸ்ஸும்

கல்லடியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். வாசலில் கட்டியிருந்த பனரில் மேலே தமிழில் "மூன்று நாள் செயலமர்வு", கீழே ஆங்கிலத்தில் "த்ரீ டேய்ஸ் வேர்க்‌ஷொப்". அறிக்கைகளையும் வேலை விண்ணப்பங்களையும் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில் என்பதால் கண் நேரே 'டேய்ஸ்' கடைசியில் நின்ற அந்த எஸ்ஸில்தான் போய் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், எழுதியவர் தமிழில் பிழை விடவில்லை. "மூன்று நாட்கள் செயலமர்வு" என்று எழுத அவருக்குக் கை வராது. ஐந்து வயதுப் பிள்ளை, இரண்டு மாடி வீடு என்று பெயருக்கு முன்னால் ஒட்டி வரும்போது நாம் 'கள்' சேர்ப்பதே இல்லை. ஆங்கிலமும் இந்த இடத்தில் அப்படித்தான். எண்ணும் பெயரும் சேர்ந்து ஒரே அடைமொழியாகிவிடுவதால் எஸ் கழன்றுவிடும், நடுவில் ஹைபன் என்கிற சின்னக் கோடு வந்து உட்காரும்: த்ரீ-டே வேர்க்‌ஷொப், ஃபைவ்-இயர்-ஓல்ட் சைல்ட். பெயருக்குப் பின்னால் போனால் எஸ் திரும்பி வரும், ஹைபன் போய்விடும்: த சைல்ட் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட். சரி, "த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்கிறோமே? அது உடைமையைக் காட்டுகிற எஸ், பின்னால் அப்பொஸ்ட்ரஃபி என்கிற மேற்குறி ஒன்று வேண்டும். அதைப் போட்டு வரும் விண்ணப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஹைபனை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை என்னிடம் வந்த ஓடர் கடிதத்தில் "டூ ஹன்ட்ரட் லீட்டர் டேங்க்ஸ்" என்று இருந்தது. டூ-வுக்குப் பிறகு இடைவெளி விட்டு ஹன்ட்ரட்-லீட்டர் என்று சேர்த்தால் 100 லீட்டர் தாங்கி இரண்டு. மூன்றையும் கோர்த்தால் ஒவ்வொன்றும் 200 லீட்டர். எண்ணை ஹன்ட்ரட்டோடு நிறுத்தினால், கடவுளே, ஒரு லீட்டர் தாங்கி இருநூறு! எழுதிய தம்பியிடம் கேட்டேன், "அண்ணே, அவங்களுக்கு விளங்கும்தானே" என்றார். கடைக்காரர் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் எத்தனை தாங்கி என்று எழுதவே இல்லை என்பது தம்பிக்கு விளங்கியது.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் ஹைபனைத் தூவவும் வேண்டாம். நியூலி பில்ட் ஹவுஸ் என்பதில் 'லி'யில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் அது தேவையில்லை.

பனர் விஷயம்? ஏற்பாட்டாளரிடம் மெல்லச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எஸ் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார். இரண்டாம் நாள் காலை கடல் காற்றுக்கு ஸ்டிக்கர் பறந்துவிட்டது, எஸ் அப்படியே இருந்தது.