சால்மோனெல்லா: பேர் வந்த வழியும் பன்றிக்கறிக்கு அது வரும் வழியும்

சால்மோனெல்லா என்பது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு கிருமி. பேரைக் கேட்டதும் சாமன் மீனைத் தேடிப் போகவேண்டாம், அது ஆள் பேர். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் எல்மர் சால்மன் நினைவாக 1900-இல் லிக்னியேர் என்ற பிரெஞ்சுக்காரர் சூட்டியது. வேடிக்கை என்னவென்றால், 1885 வாக்கில் இந்தக் கிருமியைப் பன்றியிலிருந்து பிரித்தெடுத்தவர் சால்மன் இல்லை, அவருக்குக் கீழே வேலைபார்த்த தியோபால்டு ஸ்மித். மேலதிகாரி பேர் நின்றுவிட்டது! பன்றிகளுக்கு வரும் ‘ஹாக் காலரா’ என்ற நோய்க்கு இதுதான் காரணம் என்று இருவரும் நம்பினார்கள், அப்புறம் அது வைரஸ் நோய் என்று தெரிந்தது.

தமிழில் என்ன சொல்வது? ஆள் பேரைப் பெயர்ப்பதில் அர்த்தமில்லை, அப்படியே எழுதலாம். ‘நுண்ணுயிரி’ என்று மட்டும் போட்டால் வைரஸ், பூஞ்சை எல்லாம் அதற்குள் வந்துவிடும், அதனால் சால்மோனெல்லா பாக்டீரியா என்பதே சரி. ‘தொற்று’, ‘மாசு’ இரண்டையும் மட்டும் குழப்பாதீர்கள். பன்றியின் குடலில் பெருகினால் தொற்று, வெட்டின கறியில் ஒட்டிக்கொண்டால் மாசு. தொற்றுள்ள பன்றி பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் காட்டாது, நன்றாகத் தின்றுகொண்டு திரியும்.

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை வெண்பன்றிக்கறி வாங்குகிறவருக்கு இந்த மாசு எங்கே ஏறுகிறது என்பதுதான் விஷயம். பண்ணையில் தீவனம், எலி, சாணம் வழியாக வரலாம். வண்டியில் நெருக்கி ஏற்றும்போது பன்றி மிரண்டு அதிகமாகக் கிருமியைக் கழிக்கும், அறுக்குமுன் அடைத்துவைக்கிற கொட்டிலில் சுத்தமான பன்றிக்கும் சில மணி நேரத்திலேயே தொற்றிவிடும். பெரிய அறுப்புக்கூடங்களில் சுடுநீரில் முக்குவதும் தீயில் வாட்டுவதும் தோல்மேல் கிருமியைக் குறைக்கும். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில் மயிர் நீக்குகிற இயந்திரம் ஒரு பன்றியின் அழுக்கை இன்னொன்றுக்குத் தடவிவிடும். ரொம்ப ஆபத்தானது குடல் எடுக்கிற நேரம்தான், மலக்குடல் முனையைக் கட்டாமல் கத்தி கிழித்துவிட்டால் முடிந்தது கதை. தொண்டைச் சதையிலும் கிருமி பதுங்கியிருக்கும், தலையைக் கடைசியில் தனிக் கத்தியால் வெட்டினால் நல்லது.

மாசு எங்கே ஏறியது என்று கண்டுபிடிக்க, ஆய்வாளர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கத்தி, கட்டை, தரை, கறி என்று துடைத்தெடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேல் உள்வகைகள் உண்டு என்பதால் வகை ஒத்துப்போவது மட்டும் போதாது, மரபணுவை முழுசாகப் படித்து ஒப்பிட்டால்தான் பண்ணைக் கிருமியா கூடத்துக் கிருமியா என்று பிடிபடும்.

உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், உலர்ந்த பண்டத்தில் இது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மிளகும் சீரகமும் எவ்வளவு அரைத்துப் போட்டாலும் கறியின் உள்பக்கம் 71 டிகிரி செல்சியஸ் ஏறவேண்டும்.