ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருகிறதா? உடம்பைத் தளர்த்தாதீர்கள்

ஊசிக்குப் பயப்படுகிறவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உடம்பை லூசா விடுங்க, ஒண்ணும் ஆகாது." வெறும் பயத்தோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இது சரி. ஊசியைக் கண்டதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சாய்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்யவேண்டியது இதற்கு நேர் எதிரானது. நானும் அந்த ரகம்தான், ரத்தப் பரிசோதனைக்குப் போய் நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நாய் துரத்தினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறியிருக்கும்போது மயங்கி விழுவது அபூர்வம். ஆனால் ஊசி, ரத்தம், காயம் இவற்றின் மீதான பயம் பலருக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. முதலில் அழுத்தம் ஏறும், அப்புறம் சட்டென்று இறங்கிவிடும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மட்டுப்படுத்துகிறது, அதே நேரத்தில் கால்களில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் கீழேயே தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. வியர்த்துக் கொட்டுவது, கொட்டாவி, குமட்டல், காது அடைப்பது எல்லாம் இதனால்தான். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம்.

ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் அழுத்தத்தை, உடம்பைத் தளர்த்தி இன்னும் இறக்கினால் என்ன ஆகும்? அதனால்தான் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் தசைகளை இறுக்கும் பயிற்சியை முன்வைத்தார். கை, கால், வயிறு, தொடை எல்லாவற்றையும் சேர்த்து 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். முகம் லேசாகச் சூடாவது தெரியும், அதுதான் அழுத்தம் ஏறுகிறது என்பதற்கு அடையாளம். பிறகு விட்டுவிடுங்கள், ஆனால் துவண்டுபோகிற அளவுக்கு இல்லை, சாதாரண நிலைக்கு வந்தால் போதும். 20, 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து தடவை. ஊசி போடும் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செய்து பார்ப்பேன் என்று இருக்காதீர்கள், சில நாள் முன்பிருந்தே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். குத்தப்போகிற கையை மட்டும் தளர்வாக விடவேண்டும், இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்துப் போடுங்கள்" என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம். படுத்திருந்தால் ரத்தம் காலில் தேங்குவது குறையும், அப்படியே மயங்கினாலும் விழுந்து தலையில் அடிபடாது.

வலிதான் பயம் என்றால் தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீம் உண்டு. லிடோகைனும் பிரிலோகைனும் கலந்தது, குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவவேண்டும், அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்களே, அதைப் பற்றி ஒன்று. ஊசி கைக்குள்ளேயே இருக்கிறது, அசைத்தால் குத்திவிடும் என்று பயந்து ராத்திரி முழுக்கக் கையை மரக்கட்டை மாதிரி வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். உண்மையில் ரத்தக்குழாய்க்குள் வழி ஏற்படுத்தியதுமே ஊசியை வெளியே உருவிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான். எனக்கு இதை ஒருவர் சொல்லி, உருவிய ஊசியைக் காட்டிய பிறகுதான் அன்றைக்குத் தூக்கமே வந்தது.

ஊசியை எடுத்த உடனே எழுந்துவிடாதீர்கள். "அப்பாடா" என்று மூச்சு விட்ட சில நிமிடங்களில்தான் பலருக்கு மயக்கம் வருகிறது. படுத்தபடியே இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, பிறகு காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள்.