புரோக்ராஸ்டினேஷன்னா சோம்பல் இல்லைங்க, அதுக்கு தமிழ்ல வேற சொல் இருக்கு

செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டுட்டே இருக்கறதைச் சொல்ற புரோக்ராஸ்டினேஷன்ங்கற இங்கிலீஷ் வார்த்தை இப்ப பேச்சுல ரொம்ப சகஜமா வந்துடுச்சு, ஆனா இதுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டா நிறைய பேர் பட்டுன்னு சொல்றது "சோம்பேறித்தனம்". இது தப்பு. ஆளைக் காயப்படுத்துற தப்பும் கூட. ஏன்னா பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை அன்னிக்குன்னு பார்த்து அலமாரியை ஒழுங்கா அடுக்கி, ரூமைக் கூட்டித் துடைச்சு, பழைய மெயிலுக்கெல்லாம் பதில் போட்டு முடிச்சிருக்கும், அதைப் போய் சோம்பேறின்னு எப்படி சொல்றது? நாள் முழுக்க உடம்பு வளைஞ்சு வேலை பார்த்திருக்கு, செய்யவேண்டிய அந்த ஒண்ணை மட்டும் தொடல.

இந்த வார்த்தை லத்தீன்ல இருந்து வந்தது. லத்தீன்ல 'க்ராஸ்'னா நாளைக்கு, 'க்ராஸ்டினுஸ்'னா நாளைக்கு உரியது, அதுக்கு முன்னாடி 'ப்ரோ' சேர்ந்தா முன்னால தள்ளுறதுன்னு ஆகும். அதாவது இன்னிக்கு வேலையை நாளைக்குன்னு நகர்த்தி விடுறது. கி.மு. 43ல ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் அரசியல் எதிரி ஆண்டனிக்கு எதிரா ரோம்ல பேசினப்போ, காரியம் நடத்துறதுல மந்தமும் தள்ளிப்போடுறதும் வெறுக்கத்தக்கதுன்னு சொன்ன இடத்துல இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கார். இங்கிலீஷுக்குள்ள இது வந்தது 16ஆம் நூற்றாண்டுல.

ஆனா தள்ளிப்போனதெல்லாம் புரோக்ராஸ்டினேஷன் ஆகிடாது. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல இருக்கற ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007ல வெளியிட்ட கட்டுரையில குடுத்த வரையறைதான் இன்னிக்கு வரைக்கும் பரவலா எடுத்துக்கறாங்க: செய்யணும்னு நாமளே நெனச்ச வேலையை, தாமதிச்சா நமக்குத்தான் கெடுதல்னு தெரிஞ்சும், நாமளா விரும்பி தாமதிக்கிறது. காய்ச்சல் வந்து படுத்துட்டதால நின்ன வேலை இதுல வராது. அவசரமா இன்னொண்ணு குறுக்க வந்ததால நகர்த்தினதும் வராது. யாரும் தடுக்கல, நஷ்டம்னு தெரியும், இருந்தும் கை போகல, அதுதான் இது.

இந்த அளவுகோலை வெச்சுக்கிட்டு நம்ம சொற்களைப் பார்த்தா எது பொருந்துது எது பொருந்தலன்னு நல்லா தெரியும். 'ஒத்திவைப்பு' கூட்டத்துக்கும் வழக்குக்கும் சரி, அது காரணம் சொல்லி, தேதி குறிச்சு செய்யறது. 'இழுத்தடிக்கிறது' அடுத்தவங்களுக்கு செய்யறது, அதுல அலைய விடுற எண்ணமும் கலந்திருக்கும். 'கிடப்புல போடுறது'னா அக்கறையே இல்லாம மூலையில போட்டுடறது, ஆனா புரோக்ராஸ்டினேட் பண்றவங்களுக்கு அக்கறை நிறையவே இருக்கும், அந்த வேலை மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும். 'தட்டிக்கழிக்கிறது'ல செய்யவே கூடாதுங்கற எண்ணம் இருக்கு. 'தாமதம்' பஸ்ஸுக்கும் சொல்லலாம் மழைக்கும் சொல்லலாம். பேச்சு வழக்குல ரொம்பக் கிட்ட வர்றது 'தள்ளிப்போடுறது', எழுத்துல 'காலந்தாழ்த்துதல்'.

இதைவிட கச்சிதமான ஒரு சொல் திருக்குறள்ல இருக்கு, மடியின்மை அதிகாரத்துல 605ஆம் குறள்:

"நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்."

நெடுநீர்னதும் ஆறு, கடல்னு போயிடாதீங்க, இங்க நீர்னா நீர்மை, அதாவது இயல்பு. சீக்கிரம் செய்ய வேண்டியதை நீட்டி நீட்டிச் செய்யற இயல்புன்னுதான் பரிமேலழகர் உரை சொல்லுது. அழிஞ்சு போறவங்க ஆசையா ஏறிக்கிற மரக்கலத்துல இதுவும் ஒண்ணு. எனக்கு இந்தக் குறள்ல ரொம்ப முக்கியமாப் படுறது 'நான்கும்'ங்கற எண்ணிக்கை. மடின்னா சோம்பல், மறவின்னா மறதி, துயில்னா தூக்கம், இந்த மூணையும் தனியா சொல்லிட்டு நெடுநீரை நாலாவதா வேறயா வெச்சிருக்கார் வள்ளுவர், பாருங்க. நெடுநீரும் சோம்பலும் ஒண்ணுன்னா ஒரே குறள்ல ரெண்டு தரம் சொல்லவேண்டிய அவசியமே இல்ல. நாம இன்னிக்கு குழப்பிக்கிற ரெண்டையும் அவர் அப்பவே பிரிச்சிட்டார்.

வினைசெயல்வகை அதிகாரத்துல இன்னும் நுணுக்கமா போறார். "தூங்குக தூங்கிச் செயற்பால"ன்னு 672ல வருது, இந்த 'தூங்கு'க்கு கண்ணை மூடித் தூங்குறதுன்னு அர்த்தம் இல்ல, தாழ்த்துன்னு அர்த்தம். ஆறப்போட்டுச் செய்யவேண்டியதை ஆறப்போடு, அப்படி இல்லாததை தாழ்த்தாதே. அதுக்கு முந்தின குறள் ஆலோசனை எங்க முடியணும்னு சொல்லுது: துணிவு வந்ததும் யோசனை முடிஞ்சது, அந்தத் துணிவு "தாழ்ச்சியுள் தங்குதல் தீது". முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி எடுத்துக்கற நேரம் நிதானம், முடிவு எடுத்த பிறகும் உக்காந்திருந்தா நெடுநீர். ஸ்டீல் வரையறையில 'செய்யணும்னு நாமளே நெனச்ச வேலை'ன்னு வர்ற பகுதியும் இதேதான்.

சோம்பல்னு பேர் வெச்சா மருந்தும் அதுக்கு ஏத்த மாதிரி திட்டு, தண்டனை, குற்ற உணர்ச்சின்னுதான் இருக்கும். ஆனா உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் ரெண்டு பேரும் 2013ல எழுதினதுல, அந்த வேலையை நெனச்சா வர்ற பயம், சலிப்பு, குழப்பம் இதுல இருந்து இப்போதைக்குத் தப்பிக்கத்தான் மனசு தள்ளிப்போடுதுன்னு சொல்றாங்க. அப்படின்னா திட்டு வாங்கினா அந்த வேலை இன்னும் பயமா மாறும், இன்னும் தள்ளிப்போகும்.

அப்போ நேர மேலாண்மைன்னு பேசறமே, அது எங்க உதவும்? நாள் முழுக்க கட்டம் போட்டு அரை மணிக்கு அரை மணி டைம்டேபிள் எழுதுறது பெரும்பாலும் உதவாது, அந்த டைம்டேபிளைப் போடுறதே தள்ளிப்போடுறதுக்கு ஒரு வழியா ஆயிடுது. நீட்டுறதுதான் நோய்னா குறுக்கறதுதான் வேலை செய்யும். 1980கள் கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோ கொண்டுவந்த பொமொடோரோ முறை இதைத்தான் செய்யுது, 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. முழு அறிக்கையையும் எழுதணும்னா மலைப்பா இருக்கும், 25 நிமிஷம் உக்காரணும்னா அவ்வளவு மலைப்பு இல்ல. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்றது இன்னொரு வழி: "நாளைக்கு ஆரம்பிக்கறேன்"னு விடாம "காலையில பல் தேய்ச்சதும் லேப்டாப்பைத் திறந்து முதல் பத்தியை எழுதுவேன்"னு எப்போ, எங்க, எதுன்னு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கறது. லத்தீன் சொல்லுக்குள்ள இருக்கற அந்தப் பொதுவான 'நாளைக்கு' இப்ப ஒரு குறிப்பிட்ட நிமிஷமா மாறிடுது.

கணக்கும் கொஞ்சம் தாராளமா போடணும். 1994ல வெளிவந்த ஒரு ஆய்வுல, ஆய்வேடு எழுதிட்டிருந்த மாணவர்கள் சராசரியா 34 நாள்ல முடிச்சிடுவோம்னு நெனச்சாங்க, ஆனது 55 நாளுக்கு மேல. இதுல எல்லாமே தள்ளிப்போட்டதால வந்ததுன்னு சொல்லிட முடியாது, நமக்கு நேரத்தை குறைச்சு மதிப்பிடுற பழக்கம் உண்டு, ஆனா "இன்னும் நிறைய நேரம் இருக்கு"ங்கற நெனப்புலதான் நெடுநீர் நல்லா வளரும்.

சரி, எந்தச் சொல்லை எங்க போடலாம்? பேச்சுல 'தள்ளிப்போடுறது' போதும், எல்லாருக்கும் புரியும். கட்டுரை, பாடப்புத்தகம், மனநலம் பத்தின எழுத்து இதுலெல்லாம் 'நெடுநீர்மை'ன்னு எழுதலாம், மொத தடவை வர்றப்போ ஒரு வரி விளக்கம் குடுத்துட்டா வாசிக்கறவங்க பிடிச்சுக்குவாங்க. ஆளைக் குறிக்க ஒரு பெயர்ச்சொல் தேடறதை மட்டும் நான் விரும்பல. "அவ ஒரு புரோக்ராஸ்டினேட்டர்"னு முத்திரை குத்தறதுக்குப் பதிலா "அவ இந்த வேலையை மட்டும் தள்ளிப்போட்டுட்டே இருக்கா"ன்னு வினைச்சொல்லா சொல்லிப் பாருங்க, அந்த வேலையில அப்படி என்ன இருக்குன்னு அடுத்து கேக்கத் தோணும்.