டீசல் டாங்கில் சமையல் எண்ணெய் ஊற்றினால்

2002-இல் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் உள்ள லனெல்லி என்ற ஊரில் போலீஸும் சுங்கத்துறையும் சேர்ந்து கார்களை நிறுத்தி முகர்ந்து பார்த்தார்கள். புகைக்குழாயில் உருளைக்கிழங்கு வறுக்கும் வாசனை வந்தால் ஓட்டுநர் மாட்டிக்கொண்டார். அப்போது அங்கே ஒரு லிட்டர் டீசல் 70 பென்ஸுக்கு மேல். அதில் 45.82 பென்ஸ் எரிபொருள் வரி. சூப்பர் மார்க்கெட்டில் சமையல் எண்ணெயோ பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. உணவுப் பொருள் என்பதால் அதற்கு மதிப்புக்கூட்டு வரிகூடக் கிடையாது. அந்த வட்டாரத்தில் எண்ணெய் அளவுக்கு மீறி விற்றதுதான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. பிடிபட்டவர்களுக்கு அபராதம் போட்டார்கள். எண்ணெய் ஊற்றியதற்காக அல்ல, அதற்கு எரிபொருள் வரி கட்டாததற்காக. 2007-இல் அரசே இறங்கி வந்து, ஒருவர் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை இப்படிப் பயன்படுத்தினால் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆக, அந்த ஊர்க்காரர்கள் மிச்சப்படுத்தியது பெரும்பாலும் வரிப்பணம். அது இருக்கட்டும். கடையில் வாங்கிய எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஒரு கார் எப்படி ஓடுகிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து இன்ஜெக்டர் எண்ணெயைப் பீய்ச்சுகிறது, தானாகவே பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுவது பூமிக்கடியில் எடுத்ததா, செக்கில் ஆட்டியதா என்று அந்தச் சூட்டுக்கு அக்கறையில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ என்ற இன்ஜின் நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. அந்த யோசனை பிரெஞ்சு அரசாங்கத்துடையது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்தது, அங்கே கொண்டுபோக நிலக்கரியோ பெட்ரோலியமோ தேவைப்படாத இன்ஜின் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்த இன்ஜின்தான். எதையும் மாற்றாமலே ஓடியது.

சக்தியிலும் பெரிய குறை இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. வண்டி ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. முதல் சில நாட்கள் எல்லாம் அருமையாகப் போகும். இந்த விஷயத்தில் ஏமாற்றுவதே அந்த முதல் சில நாட்கள்தான்.

பிரச்சினை கெட்டித்தன்மையில் இருக்கிறது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 2-லிருந்து 4.5 வரை இருக்கும். அதே சூட்டில், அதே அளவுகோலில், தாவர எண்ணெய் 30-லிருந்து 40 வரை. ஏறத்தாழப் பத்து மடங்கு. இதற்குக் காரணம் மூலக்கூறின் உருவம். டீசல் என்பது பத்துப் பதினைந்து கார்பன் அணுக்கள் கோத்த தனித்தனிச் சங்கிலிகள். தாவர எண்ணெயில் அதைப்போன்ற மூன்று நீளச் சங்கிலிகளை ஒரு கிளிசரின் துண்டு ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. மூலக்கூறு டீசலுடையதைவிட நான்கு மடங்கு கனம்.

இன்ஜெக்டரின் நாசில் முனையில் இருப்பவை முடி கனமுள்ள துளைகள். டீசல் அவற்றின் வழியே வரும்போது புகைபோலச் சிதறி, ஒவ்வொரு துளியும் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் ஆவியாகி எரிந்து தீர்ந்துவிடும். கெட்டியான எண்ணெய் அப்படிச் சிதறாது. பெரிய துளிகளாக, நீண்ட தாரையாகப் பாயும். துளியின் வெளிப்புறம் எரிகிறது, உள்ளே இருப்பது எரிய நேரம் கிடைப்பதில்லை. அது நாசில் முனையிலேயே கரியாகப் படிகிறது. கரி படிந்ததும் தாரை இன்னும் கோணலாகிறது, அதனால் கரி இன்னும் கூடுகிறது. பிஸ்டன் ரிங்குகள் தம் காடியிலேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கின்றன. சிலிண்டர் சுவரில் பட்ட எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது.

அங்கேதான் உண்மையான செலவு காத்திருக்கிறது. டீசல் கொஞ்சம் இறங்கினால் சூட்டில் மெல்ல ஆவியாகிப் போய்விடும். தாவர எண்ணெய் போகாது. சூடும் காற்றும் பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். வடைச்சட்டியின் வெளி ஓரத்தில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருக்குமே, அதேதான். இன்ஜின் ஆயில் அந்த நிலைக்குப் போனால் பம்ப்பால் அதை இழுக்க முடியாது, பேரிங் காய்ந்துவிடும். அப்புறம் மெக்கானிக் இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றும்போது கீழே கொட்டுவதற்கு எதுவும் இருக்காது, கரண்டியால் வழித்துத்தான் எடுக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்ஜின்களை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் கண்டதும் இதுதான்: குறுகிய சோதனையில் பாஸ், நீண்ட சோதனையில் கரி.

சரி, கெட்டியாக இருப்பதுதான் குற்றம் என்றால் சூடு பண்ணினால் போகிறது. இந்த எளிய யோசனையில் பிறந்ததுதான் இரட்டை டாங்க் முறை. சின்ன டாங்கில் டீசல், பெரிய டாங்கில் எண்ணெய். வண்டியை டீசலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும் அதை எண்ணெய்க் குழாயைச் சுற்றி ஓடவிட்டு எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாறலாம். வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, பம்ப்பிலும் நாசிலிலும் தங்கிய எண்ணெயை விரட்டிவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே சாவியை எடுத்தால் மறுநாள் காலையில் இன்ஜின் இருமும். குழாய்க்குச் செம்பு ஆகாது, அது எண்ணெய் கெட்டிப்படுவதை வேகப்படுத்தும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக ஐந்து நிமிடம் ஓடும் வண்டிக்கு இந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை. எண்ணெய் சூடாவதற்குள் வீடு வந்துவிடும்.

எண்ணெய்க்கு எண்ணெய் குணமும் மாறும். காற்றுப் பட்டால் சீக்கிரம் இறுகும் ஆளிவிதை எண்ணெய் இன்ஜினுக்கு எமன். சூரியகாந்தியும் சோயாவும் நடுவில். தேங்காய் எண்ணெய் எளிதில் இறுகிப் பிசுக்காகாது, நன்றாகப் பற்றிக்கொள்ளவும் செய்யும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மார்கழியில் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் முழுக்க வெப்பம் குறையாத தீவில் அந்தக் கவலை இல்லை. பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவை 1990-களில் அரசு முற்றுகையிட்டு எரிபொருள் வராமல் தடுத்தபோது, அங்கிருந்த மக்கள் தேங்காயைத் துருவி எண்ணெய் காய்ச்சி ஜீப்புகளையும் ஜெனரேட்டர்களையும் ஓட்டினார்கள். அவர்களுக்கு அது காசை மிச்சம் பிடிக்கும் வழி அல்ல, வேறு வழியில்லாத வழி.

இன்ஜினை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவதைவிட எண்ணெயை இன்ஜினுக்கு ஏற்ப மாற்றுவது புத்திசாலித்தனம். அதுதான் பயோடீசல். மூன்று சங்கிலிகளைப் பிடித்திருக்கும் கிளிசரினைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சங்கிலியின் முனையிலும் மெத்தனாலை மாட்டினால் போதும். ஒரு கனத்த மூலக்கூறு மூன்று லேசான மூலக்கூறுகளாகிவிடும். பாகுநிலை 4, 5 என்று இறங்கி டீசல் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு லிட்டர் புது எண்ணெய்க்கு 200 மில்லி மெத்தனால், அதில் கரைத்த 3.5 கிராம் காஸ்டிக் சோடா, 55 முதல் 60 டிகிரி சூடு, ஒரு மணி நேரம் கலக்கல். பிறகு ஆடாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும், மேலே நிற்பதைக் கழுவி எடுக்கலாம்.

வறுத்த எண்ணெய்க்கு இந்த 3.5 கிராம் போதாது. பலகாரம் போட்டுப் போட்டு அதில் அமிலம் கூடியிருக்கும், அதை முறிக்கவே கொஞ்சம் சோடா வேண்டும். எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்த அதே சொட்டுச் சோதனைதான். சாயத்துக்கு மஞ்சள்தூள்கூடப் போதும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதல்லவா, அதே மாற்றம் இங்கே அமிலம் தீர்ந்துவிட்டது என்று காட்டும். சோடா கூடினாலும் தப்பு, எண்ணெயில் தண்ணீர் இருந்தாலும் தப்பு. இரண்டிலும் எரிபொருளுக்குப் பதில் சோப்பு கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கொல்லையில் ஆரம்பிக்க வேண்டாம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். அதன் ஆவியும் ஆபத்து, பகலில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

இத்தனையும் பழைய இன்ஜின்களின் கதை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் இன்றைய காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,600-லிருந்து 2,000 பார் வரை போகிறது, நாசில் துளை சுமார் 0.1 மில்லிமீட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு நம் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. அது நிரம்பியதும் சூடேற்றிக் கரியை எரிப்பதற்காகப் பல வண்டிகள் சிலிண்டருக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகின்றன. அந்த நேரத்தில் பீய்ச்சுவது தாவர எண்ணெயாக இருந்தால் நேராக இன்ஜின் ஆயிலுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்ப்பதுகூட வீண் வம்பு.

நம் ஊரில் இந்தக் கணக்கு விலையிலேயே அடிபடுகிறது. டீசலுக்கு இங்கேயும் வரி கனம், சமையல் எண்ணெய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டிதான். இருந்தும் பாமாயில்கூடப் பெரும்பாலும் டீசலைவிட விலை அதிகம், கடலை எண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். நமக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. அதை டாங்கில் ஊற்றி யாருக்கு என்ன லாபம்? கணக்கு ஒத்துவருவது வறுத்துக் கழித்த எண்ணெயில் மட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஒரு வரம்பு வைத்தது: மறுபடி மறுபடி சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அப்படிக் கழித்த எண்ணெயை ஓட்டல்களிலிருந்து வாங்கிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடும் அப்போதே தொடங்கியது. இல்லாவிட்டால் அது ஒன்று சாக்கடைக்குப் போகும், அல்லது மலிவு விலையில் இன்னொரு வடைச்சட்டிக்குப் போகும்.