மாறி: ‘வேரியபிள்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் விளையாட்டும் பொழுதுபோக்கும் பற்றிய படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆய்வுமுறைகள் பாடம் அவளுக்கு இந்த ஆண்டுதான் தொடங்கியிருக்கிறது. “ஆன்ட்டி, வேரியபிளுக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டாள். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறக்கூடியதாக ஆய்வில் நாம் அளப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ‘மாறி’ என்றேன். அவள் நோட்டில் ‘மாரி’ என்று எழுதினாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் மாரி என்றால் மாரியம்மன். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ கோயிலிலும் மவுண்ட் எட்ஜ்கம் கோயிலிலும் கூடும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசினாலும் அந்தப் பெயர் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. ஆனால் மாரி என்றால் மழை, அம்மன். மாறி வேறு. ஒரு றகரத்தில் பொருள் முழுக்க வேறாகிவிடுகிறது.

வேரியபிள் என்பதன் வேர் லத்தீன். ‘வேரியஸ்’ என்றால் பல நிறமுள்ள, புள்ளிபுள்ளியாக உள்ள என்று பொருள். அதிலிருந்து மாறுவதைக் குறிக்கும் வினை வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ‘மாறக்கூடிய’ என்ற அடைமொழியாக நெடுநாள் இருந்தது. கணிதக்காரர்கள்தான் அதைப் பெயர்ச்சொல்லாக்கினார்கள்.

தமிழில் மாறு என்ற வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்து மாறி ஆகிறது. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, நாடு நாடாக ஓடுபவன் நாடோடி. அதே போல மாறுவது மாறி. கடன் வாங்காமல், வளைக்காமல் தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே பிறந்த சொல். இதன் எதிர்ச்சொல்லும் அழகாக அமைந்திருக்கிறது: மாறாதது மாறிலி, முடிவில்லாதது முடிவிலி என்பது போல. தமிழில் கணக்குப் படித்தவர்களுக்கு இரண்டும் பழகிய சொற்கள்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ‘மாறி’ என்பது வினையெச்சமாகவும் வரும். ‘வெப்பநிலை மாறி நேரம் கூடியது’ என்று எழுதினால் எது பெயர், எது வினை என்று படிப்பவர் தடுமாறுவார். அந்த இடத்தில் ‘வெப்பநிலை என்ற மாறி’ என்று விரித்து எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் பேச்சில் வருவது. ‘இந்த மாதிரி’ என்பதைப் பேசும்போது ‘இந்த மாறி’ என்கிறோம். ஆய்வுமுறையில் மாதிரி என்பது தனிச்சொல், சாம்பிள் என்பதற்கு உரியது. யாரை ஆராய்கிறோமோ அவர்கள் மாதிரி. அவர்களிடம் எதை அளக்கிறோமோ அது மாறி. இந்த இரண்டும் நாக்கில் ஒன்றாகிவிட்டால் பாடமே குழம்பிவிடும். மாதிரிக்கு ஓர் எடுத்துக்காட்டு: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் 1921-இல் தொடங்கியது. 1975 வரை பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் அதில் அதிகாரபூர்வமாக ஓட முடியாது. அந்த ஆண்டுகளின் முடிவுப் பட்டியலை வைத்து ‘தென்னாப்பிரிக்கர்களின் நெடுந்தூர ஓட்டம்’ என்று யாராவது ஆய்வு எழுதினால் பிழை மாதிரியில் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் அந்த மாதிரிக்குள் நுழையவே விடப்படவில்லை. நிறம், பால் என்ற மாறிகளை எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

சரி, மாறிகளின் வகைக்கு வருவோம். ஆய்வாளர் தாமே கூட்டிக் குறைப்பது அல்லது காரணமாக எடுத்துக்கொள்வது சாரா மாறி. அதைப் பொறுத்து மாறுவது சார்ந்த மாறி. சார்தல் என்றால் ஒட்டி நிற்பது, சாய்ந்து நிற்பது. கிழவர் கோலைச் சார்ந்து நடக்கிறார், கோல் அவரைச் சாரவில்லை. ‘சார்பற்ற மாறி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், தவறில்லை. எனக்குப் பிடித்தது ‘சாரா மாறி’தான். சாராத என்பதன் ஈறு கெட்டு வந்த வடிவம் அது. சொல்லிப் பார்த்தால் சாரா, சார்ந்த என்று இரண்டும் ஜோடியாக நிற்கும், மறக்காது.

இந்த நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கேப் டவுனில் 56 கிலோமீட்டர் ஓடும் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் 1982-இல் கலந்துகொண்ட 150 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை ஓடாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஓடியவர்களில் 33.3 விழுக்காட்டினருக்குச் சளி, தொண்டைவலி போன்ற அறிகுறிகள் வந்தன, ஓடாதவர்களில் 15.3 விழுக்காட்டினருக்கு. இங்கே ஓடியதா இல்லையா என்பது சாரா மாறி, தொண்டைவலி சார்ந்த மாறி. ஆனால் யாரையும் ஆய்வாளர்கள் ஓடச் சொல்லவில்லை. அவர்கள் தாமாக ஓடினார்கள், ஆய்வாளர்கள் விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் 1993-இல் வெளியான ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். காம்ரேட்ஸ் ஓடப் போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் வைட்டமின் சி, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஓட்டம் முடிந்தபின் மருந்தில்லாத மாத்திரை தின்றவர்களில் 68 விழுக்காட்டினர் அறிகுறி சொன்னார்கள், வைட்டமின் தின்றவர்களில் 33 விழுக்காட்டினர். இங்கே சாரா மாறி ஆய்வாளரின் கையிலேயே இருந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்பதை அவர்தான் தீர்மானித்தார். முதலாவதைக் கணக்கெடுப்பு என்றும் இரண்டாவதைச் சோதனை என்றும் பிரிப்பது இதை வைத்துத்தான். ‘சாரா மாறியை யார் அசைத்தார்கள்?’ என்று கேட்டால் ஆய்வு எந்த வகை என்பது பாதி தெரிந்துவிடும்.

மாறிகளை எண்ணால் எழுதினாலே எல்லாம் எண் ஆகிவிடாது. காம்ரேட்ஸில் பத்து முறை ஓடி முடித்தவருக்கு நிரந்தரமாக ஒரு பச்சை எண் கிடைக்கும். அது வெறும் பெயர், கூட்டிச் சராசரி பார்த்தால் அர்த்தமில்லை. பதக்கம் வரிசை காட்டும்: ஆண்களில் ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் ஏழரை மணி நேரத்துக்குள்ளும் முடித்தவருக்கு வெள்ளி, அதற்குப் பின்னால் வருபவர்களுக்கு வேறு வேறு பதக்கங்கள். ஓடி முடிக்க ஆன நேரம்தான் உண்மையான அளவு.

நேரம் என்றதும் அந்தப் பெண்ணின் நோட்டு நினைவுக்கு வருகிறது. வெயில் ஏறினால் ஓட்டம் மெதுவாகுமா என்பது அவள் கேள்வி. டர்பன் கடற்கரை நடைபாதையில் தோழர்களைக் காலை 6 மணிக்கு ஒருநாளும் 11 மணிக்கு ஒருநாளும் 5 கிலோமீட்டர் ஓடவிடுவதாகத் திட்டம். சாரா மாறி என்ற இடத்தில் ‘நேரம்’ என்று எழுதியிருந்தாள். சார்ந்த மாறி என்ற இடத்திலும் ‘நேரம்’ என்றே எழுதியிருந்தாள். “நேரம் யாரையும் சாராதே ஆன்ட்டி!” என்று வாதம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் வந்த குழப்பம் இது. நமக்கு வேளை என்று ஒரு சொல் இருக்கிறது. ஓடத் தொடங்கும் வேளை சாரா மாறி, ஓடி முடிக்க ஆகும் நேரம் சார்ந்த மாறி. எழுதிக் காட்டியதும் சிரித்துவிட்டாள்.

ஆனால் வேளையும் வெயிலும் ஒன்றல்ல. காலை 6 மணிக்கு வருபவன் வெறும் வயிற்றோடு வருவான், 11 மணிக்கு வருபவன் சாப்பிட்டுவிட்டு வருவான். மெதுவாக ஓடினால் அது வெயிலாலா, வயிற்றில் இருக்கும் சாப்பாட்டாலா? இப்படி நடுவில் புகுந்து காரணத்தை மறைப்பதைக் குழப்பும் மாறி என்று சொல்லிக்கொடுக்கிறேன். “அப்போ எல்லாருக்கும் ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒரே சாப்பாடு கொடுத்துவிடலாமா?” என்றாள். கொடுக்கலாம், அப்படி நாமே நிறுத்தி வைத்தால் அது கட்டுப்படுத்திய மாறி. அதை மாறிலி என்று எழுதக்கூடாது. சாப்பாடு இயல்பாகவே ஆளுக்கு ஆள் மாறுவதுதான், இந்த ஆய்வுக்காக நாம் பிடித்து வைத்திருக்கிறோம். வெயிலுக்கு வெப்பமானி வைத்து, ஒவ்வொரு ஓட்டத்தின்போதும் எத்தனை டிகிரி என்று தனியாகக் குறிக்கச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை புதிய பக்கம் கொண்டுவந்தாள். நான்கு வரி. கடைசி வரி: ‘ரொட்டி இரண்டு துண்டு, ஜாம் – கட்டுப்படுத்திய மாறி.’ றகரம் நன்றாக வளைந்து விழுந்திருந்தது.