நசரியா-இ-ஸரூரத்: ஒரு கோட்பாட்டின் பெயர்

பாகிஸ்தான் டிவி விவாதங்களை யூடியூபில் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். அரசமைப்பை மீறிய செயலையும் 'வேறு வழியில்லை' என்ற நிர்ப்பந்தத்தைக் காட்டி நீதிமன்றம் ஏற்கலாம் என்ற கோட்பாடு இது. உச்ச நீதிமன்றத்தில் அரசியல் வழக்கு ஏதாவது வந்தால் போதும், நசரியா-இ-ஸரூரத்துக்கு மறுபடி உயிர் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்பார். அதைத்தான் எப்போதோ தஃபன் செய்தாயிற்றே என்று இன்னொருவர் சொல்வார். புதைத்தது புதைத்த இடத்தில் இருந்தால் எதற்கு இந்தக் கேள்வி என்று மூன்றாமவர் சிரிப்பார். சட்டக் கல்லூரிப் பாடத்தோடு நின்றிருக்க வேண்டிய சொல், அந்த நாட்டில் டீக்கடை வரை வந்துவிட்டது. கானூன் கி ஹுக்மரானி, அதாவது சட்டத்தின் ஆட்சி, என்று மேடையில் யார் முழங்கினாலும் கேட்பவர் மனதில் உடனே எழும் எதிர்ச்சொல் இதுதான்.

இது அரபு, பாரசீக வழியாக உருதுவுக்கு வந்த தொடர். நசர் என்றால் பார்வை. நசரியா, ஒன்றைப் பார்க்கும் விதம், கோட்பாடு. தேவை, நிர்ப்பந்தம் என்று பொருள்படும் ஸரூரத் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. 'வேலை ஜரூராக நடக்கிறது' என்கிறோமே, அந்த ஜரூர் இதன் உடன்பிறப்பு. உருதுவில் 'கட்டாயம்' என்று பொருள்படும் சொல், தமிழில் அவசரமாகி, பிறகு வெறும் சுறுசுறுப்பாகிவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் மார்க்க நூல்களில் இதையே ளரூரத் என்று எழுதுவார்கள். அரபு வேர் கேடு, தீங்கு என்ற பொருளைச் சுற்றியது. ஆகவே ளரூரத் என்பது 'எனக்கு இது வேண்டும்' என்ற தேவை அல்ல. கேடு வந்து கழுத்தை நெரிக்கிற நிலை.

அந்த நிலைக்கு மார்க்கச் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறது. பட்டினியால் உயிர் போகும் கட்டத்தில் விலக்கப்பட்ட இறைச்சியையும் உண்ணலாம், ஆனால் அதில் நாட்டமோ வரம்பு மீறலோ இருக்கக் கூடாது என்கிறது குர்ஆன் 2:173. இதிலிருந்து சட்ட அறிஞர்கள் இரண்டு விதிகளைச் சொன்னார்கள். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமானதாக்கும் என்பது ஒன்று. நிர்ப்பந்தத்தை அதன் அளவைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது மற்றொன்று. உயிர் நிற்கிற அளவுக்குத்தான் சாப்பாடு, வயிறு நிறைய அல்ல. பாகிஸ்தானில் முதல் விதி தீர்ப்புக்குத் தீர்ப்பு வந்தது. இரண்டாவது விதி எழுத்தில் மட்டும் வந்தது.

சட்டச் சொல்லாக இது அங்கே பிறந்தது 1955இல். அதற்கு முந்தைய அக்டோபர் 24 அன்று கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். நாட்டுக்கு அப்போது இன்னும் அரசமைப்பே எழுதி முடியவில்லை. சபைத் தலைவர் மௌல்வி தமீஸுத்தீன் கான் வழக்குப் போடப் போனார். வழியில் போலீஸ் மடக்கிவிடும் என்று புர்கா போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் நீதிமன்றத்துக்குப் போனார் என்பது அந்த நாட்டு வழக்கறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் ஃபெடரல் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. தலைமை நீதிபதி முகம்மது முனீர். நால்வர் ஒரு பக்கம். நீதிபதி கார்னீலியஸ் மட்டும் மறு பக்கம். சபை கலைப்பு சரியா தவறா என்ற கேள்விக்குள் பெரும்பான்மை நுழையவே இல்லை. வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைத் தந்த சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைக்கவில்லை, ஆகவே அந்தச் சட்டமே செல்லாது என்று முடித்துவிட்டார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒப்புதல் இல்லாமல் அந்தச் சபை இயற்றிய சட்டம் அது ஒன்று மட்டுமல்ல. இந்தத் தர்க்கப்படி பல சட்டங்கள் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. குழியை வெட்டிய நீதிமன்றத்திடமே கவர்னர் ஜெனரல் கருத்துக் கேட்டு வந்தார். அப்போது முனீர் எடுத்துக் கொடுத்த கயிறுதான் ஸரூரத். புதிய சபை கூடும்வரை, அரசு குலைந்துபோகாமல் காக்க, சாதாரணமாகச் சட்டவிரோதமான செயலும் சட்டபூர்வமாகலாம் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிராக்டனைத் துணைக்கு அழைத்தார். கூடவே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்டு ஜூரிகளுக்கு ஆற்றிய ஓர் உரையையும்.

அந்த உரை எழுந்த வழக்கு நம்ம சென்னை வழக்கு. பாகிஸ்தான் சட்ட வரலாற்றை எழுதுகிற பலர் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். 1773இல் ஆற்காட்டு நவாப், கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். அதை மராட்டிய அரசர் துளஜாவிடம் திருப்பித் தரும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. நிறைவேற்ற வந்த கவர்னர் லார்ட் பிகட் 1776இல் தஞ்சையைத் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த ஆங்கிலேயர்களுக்கு, முக்கியமாக பால் பென்ஃபீல்டுக்கு, அடிவயிற்றில் கைவைத்த மாதிரி ஆகிவிட்டது. தஞ்சாவூர் விளைச்சல் மேல் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தவர் அவர். கவுன்சிலில் பெரும்பான்மை கவர்னருக்கு எதிராகத் திரும்பியது. அவர் எதிராளிகளைத் தற்காலிகமாக நீக்கினார். அவர்கள் 1776 ஆகஸ்ட் 24 அன்று வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரையே பிடித்துப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்தார்.

ஜார்ஜ் ஸ்ட்ராட்டனும் கவுன்சில் கூட்டாளிகள் மூவரும் லண்டனில் கூண்டேறினார்கள். கம்பெனியின் சென்னைக் குடியேற்றத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை, கைது இன்றியமையாததாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தில் அப்படி ஒரு நிலை வர இடமில்லை, தொலைதூர இந்தியாவில் வந்தாலும் வரலாம் என்று மான்ஸ்ஃபீல்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஆபத்து கண்முன் நிற்க வேண்டும், உச்சத்தில் இருக்க வேண்டும், வேறு தீர்வே இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஜூரிகள் நால்வரையும் குற்றவாளிகள் என்றார்கள். தலைக்கு 1000 பவுண்டு அபராதம். காவலில் ஒரு கவர்னர் செத்துப்போனதற்கு இது அற்பத் தண்டனைதான். ஆனாலும் தண்டனை தண்டனை. இன்றியமையாமை வாதம் அங்கே தோற்றது. தோற்ற வாதத்தை விவரித்த உரைதான் 175 ஆண்டு கழித்துக் கராச்சி கவர்னர் ஜெனரலுக்குக் கைகொடுத்தது.

அதன் பிறகான கதை வேகமானது. 1958இல் அயூப் கான் ராணுவ ஆட்சிக்கு வந்தபோது முனீர் இந்தக் கோட்பாட்டைத் தொடக்கூட இல்லை. வெற்றி பெற்ற புரட்சியே புதுச் சட்டத்தின் ஊற்று என்று ஐரோப்பிய அறிஞர் கெல்சனைக் காட்டித் தீர்ப்பளித்தார். ஆகவே அந்த வழக்கையும் 'ஸரூரத் தீர்ப்பு' என்று எழுதுவது பிழை. 1972இல் ஆஸ்மா ஜீலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் முனீரின் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்து, அயூபுக்குப் பின் வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை ஆட்சியை அபகரித்தவர் என்றது. வீரமான தீர்ப்பு. என்ன, யாஹ்யா அதற்குள் பதவியிழந்து மாதங்கள் ஆகியிருந்தன.

1977தான் சொல்லுக்கு முழு உருவம் தந்தது. ஜூலை 5 அன்று ராணுவத் தளபதி ஜியா-உல்-ஹக் ஆட்சியைப் பிடித்து, 90 நாளில் தேர்தல் என்றார். பதவியிழந்து காவலில் இருந்த பிரதமர் பூட்டோவின் மனைவி நுஸ்ரத் பூட்டோ வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி அன்வாருல் ஹக் தலைமையிலான அமர்வு, இது சிறுகாலத்துக்கான விலகல்தான் என்று சொல்லி, ஸரூரத்தின் பேரில் ஆட்சியை ஏற்றது. அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம் அப்படியே இருக்கும் என்றும் எழுதிவைத்தது. 90 நாள் என்றது எட்டாண்டாகி, 1985இல்தான் கட்சிகள் இல்லாத தேர்தல் நடந்தது. அதற்கு முன்பே, 1981 மார்ச்சில், புதிய இடைக்கால ஆணையின் கீழ் நீதிபதிகள் மறுபடி பதவிப்பிரமாணம் எடுக்க வேண்டும், நீதிமன்றங்களின் அதிகாரம் சுருங்கும் என்று அறிவிப்பு வந்தது. பிரமாணம் எடுக்க மறுத்து வீட்டுக்குப் போனவர்களில் அன்வாருல் ஹக்கும் ஒருவர். தான் திறந்துவிட்ட கதவு தன் முகத்திலேயே அறைந்து சாத்தப்பட்டதைப் பார்த்தவர் அவர்.

அந்த ஆணையின் ஆங்கிலச் சுருக்கம் பிசிஓ. நம் ஊரில் ஒரு காலத்தில் பிசிஓ என்றால் மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் பூத்; அங்கே, அந்த ஆணையின் கீழ் பிரமாணம் எடுத்தவரைக் குறிக்கும் 'பிசிஓ ஜட்ஜ்' என்பது வசைச்சொல். 2000 ஜனவரியில் அடுத்த ராணுவ ஆட்சியாளர் முஷாரப் அதே உத்தியைக் கையாண்டார். தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கியும் சிலரும் மறுத்து வெளியேற, மிச்சமிருந்த நீதிமன்றம் மே 12 அன்று ஸரூரத்தைச் சொல்லி மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது. 2007 நவம்பரில் மூன்றாவது முறை வந்தபோது கதை மாறியது. உயர் நீதித்துறையில் பெரும்பாலோர் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள், கறுப்புக் கோட்டுகள் தெருவுக்கு வந்தன, தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரி 2009இல் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஜூலை 31 அன்று முஷாரப்பின் நவம்பர் நடவடிக்கைகள் செல்லாது என்று தீர்ப்பானது. 2010இல் 18ஆம் திருத்தம், தேசத்துரோகம் பற்றிய 6ஆம் பிரிவில் ஒரு துணைப்பிரிவைச் செருகியது: அப்படிப்பட்ட செயலை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்கக் கூடாது. சட்டமன்றம் குற்றவாளிக்குத் தடை போடுவது வழக்கம். இங்கே நீதிபதிக்குத் தடை போட வேண்டியிருந்தது.

அதன் பிறகு பொருள் விரிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் இம்ரான் கானுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத் துணை சபாநாயகர் தள்ளுபடி செய்ததை நீதிமன்றம் நான்கே நாளில் ரத்து செய்தபோது, கோட்பாடு புதைக்கப்பட்டது என்று கொண்டாடினார்கள். மறு ஆண்டு, கலைக்கப்பட்ட பஞ்சாப் சட்டசபைக்கு மே 14 அன்று தேர்தல் நடத்தும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் இல்லை, பாதுகாப்பு இல்லை என்று காரணங்கள் வந்தன, கேட்ட 2100 கோடி ரூபாயை நாடாளுமன்றம் ஒதுக்கவில்லை, தேர்தலும் நடக்கவில்லை. நீதிபதி யாரும் ஸரூரத் என்று எழுதாமலே காரியம் ஸரூரத் பாணியில் முடிந்தது. சாமானிய மனிதரும் தம் அளவில் இதைச் செய்கிறார்: சிவப்பு விளக்கைத் தாண்டியவர் மஜ்பூரி, வேறு வழியில்லை என்பார், வேலைக்கு சிஃபாரிஷ் பிடித்தவரும் அதையே சொல்வார். சிஃபாரிஷ்தான் நம் சிபாரிசு.

தமிழில் என்ன எழுதலாம்? பத்திரிகைகள் பெரும்பாலும் 'தேவைக் கோட்பாடு' என்கின்றன. பிழை இல்லை, ஆனால் சொல் மெலிந்தது. பணத்தேவை, குடிநீர்த் தேவை என்று அன்றாடம் புழங்கும் சொல்லில் கழுத்து நெரியும் ஓசை இல்லை. 'அவசியக் கோட்பாடு' கொஞ்சம் மேல். சட்ட எழுத்துக்கு 'இன்றியமையாமைக் கோட்பாடு' என்பதே என் தேர்வு. நீரின்றி அமையாது உலகு என்பதில் உள்ள 'அமையாது' இங்கே வேண்டும். அது இல்லாவிட்டால் எதுவும் நிலைக்காது என்ற கடுமை அதில் இருக்கிறது. 'நெருக்கடி நிலை', 'அவசரநிலை' என்று மட்டும் எழுதக் கூடாது. அவசரநிலை அரசமைப்புக்குள்ளேயே எழுதப்பட்ட ஏற்பாடு. பாகிஸ்தானிலும் 232ஆம் பிரிவு அதற்கு இருக்கிறது. ஸரூரத், அரசமைப்புக்கு வெளியே போனவனை உள்ளே அழைத்துவரும் சாவி.

பழமொழியாகச் சொல்வதானால் 'ஆபத்துக்குப் பாவமில்லை'. மகாபாரத சாந்தி பருவத்தின் ஆபத்தருமப் பகுதியில், பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் விசுவாமித்திரர் சண்டாளர் குடிசையில் நாய்க்கறி திருடப் போகும் கதை வருகிறது. விலக்கப்பட்ட இறைச்சி என்ற அதே எடுத்துக்காட்டு இரண்டு மரபிலும் இருப்பது வியப்புத்தான். ஆனால் கராச்சியிலும் லாகூரிலும் ஒருவர் நசரியா-இ-ஸரூரத் என்று உதட்டைப் பிதுக்கும்போது அவர் மனதில் இருப்பது இந்தப் பழமொழி அல்ல. 'ஜிஸ் கி லாட்டீ உஸ் கி பேன்ஸ்', யார் கையில் தடியோ அவனுக்கே எருமை. அதற்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது: தடி எடுத்தவன் தண்டல்காரன். நீதிமன்றத் தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது முதல் பழமொழியின் பொருளிலும், கேலிச்சித்திரத்தையோ மேடைப் பேச்சையோ மொழிபெயர்க்கும்போது இரண்டாவதன் பொருளிலும் கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு பயன்பாட்டுக் குறிப்பு. 2025 நவம்பரில் நிறைவேறிய 27ஆம் திருத்தம், உச்ச நீதிமன்றத்துக்கு மேல் தனியாக ஒரு ஃபெடரல் அரசமைப்பு நீதிமன்றத்தை அமைத்தது. ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்டு மார்ஷலுக்கு ஆயுட்காலச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அத்தர் மினல்லாவும் ராஜினாமா செய்தார்கள். இதையும் நசரியா-இ-ஸரூரத் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல் இங்கே பொருந்தாது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு, முறைப்படி அரசமைப்பைத் திருத்திச் செய்ததற்கு நீதிமன்றத்தின் மன்னிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை.